தூரிகைக்காக மைக்கைக் கீழே வைத்தவர்!

1982-ம் ஆண்டு. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இருக்கும் மொஹாவி பாலைவனத்தில் ஒரு பாட்டுக்கு வீடியோ எடுத்தார்கள். பாட்டின் பெயர் ‘ஐஸ்க்ரீம் ஃபார் க்ரோ’. பாடியவர் பெயர் கேப்டன் பீஃப்ஹார்ட். எம்.டி.வி சேனல் தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்த நேரம் அது. அதில் ஒரு வீடியோ ஓடினால் ஆல்பம் விற்கும் என்று பாடகர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஆனால், இந்த வீடியோவை ஒளிபரப்ப எம்.டி.வி மறுத்துவிட்டது.

அதே வீடியோவை, நியூயார்க்கில் இருக்கும் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

பாட்டு சேனலில் இடம் கிடைக்கவில்லை. ஓவியங்களும் சிற்பங்களும் இருக்கிற இடத்தில் இடம் கிடைத்தது. அந்தப் பாடகரின் மீதி வாழ்க்கையும் ஏறக்குறைய இப்படித்தான் போனது. அந்த ஆல்பத்தோடு அவர் இசையை நிறுத்திக்கொண்டார். அப்போது வயது 41. அதன் பிறகு 28 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஒரு புது ஆல்பம்கூட வரவில்லை. வந்ததெல்லாம் ஓவியங்கள்தான்.

பாதி வழியில் பாதையை மாற்றிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசும் இந்தப் பகுதியில், இந்த வாரம் டான் வான் வ்லீட். கேப்டன் பீஃப்ஹார்ட் என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். மேடையை விட்டு இறங்கியதும் அந்தப் பெயரையும் அங்கேயே விட்டுவிட்டார்.

மிருகங்கள் செய்த சிறுவன்

1941-ம் ஆண்டு ஜனவரி 15-ம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் உள்ள க்ளெண்டேல் நகரில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை. சின்ன வயதிலேயே மிருகங்கள் மீது தனி ஆசை. பார்த்த மிருகத்தையெல்லாம் சிற்பமாகச் செய்வார். அகஸ்டின்யோ ரோட்ரிகஸ் என்ற போர்ச்சுகல் சிற்பி, லாஸ் ஏஞ்சல்ஸ் உயிரியல் பூங்காவில் இந்தச் சிறுவனைப் பார்த்துவிட்டுத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். டி.வி நிகழ்ச்சியிலும் சிறுவன் சிற்பம் செய்து காட்டினான்.

ஐரோப்பாவுக்குப் போய்ச் சிற்பம் படிக்க உதவித்தொகை கிடைத்ததாகவும், வீட்டில் விடவில்லை என்றும் வான் வ்லீட் பின்னாளில் சொன்னார். அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை என்பார். பள்ளியில் படித்ததற்கு ஆதாரம் இருக்கிறது. ஒன்றரை வருடம் தூங்கவே இல்லை என்பார். தன்னைப் பற்றிக் கதை கட்டுவதில் மனிதர் கில்லாடி. ஆனால், சிற்பம் செய்த கதை உண்மை. இசை அவரிடம் வந்து சேர்வதற்குப் பல வருடங்கள் முன்பே கைவேலை வந்துவிட்டது.

இதை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் நடந்தவை கொஞ்சம் புரியும். பாட்டுக்காரர் ஒருவர் திடீரென ஓவியர் ஆனார் என்றுதான் உலகம் பேசியது. அவர் கணக்கில் அது திரும்பிப் போனது.

மிச்சப்பட்ட பன்னும் ப்ளூஸ் இசைத்தட்டும்

மகனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது குடும்பம் பாலைவனப் பக்கம் குடிபோனது. லான்காஸ்டர் என்ற ஊரில் பள்ளிக்கூடம். அங்கே கிடைத்த சிநேகிதன், பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஃப்ராங்க் ஸாப்பா. வான் வ்லீட்டின் அப்பா பேக்கரி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு விற்காமல் மிச்சப்பட்ட அன்னாசி பன்களைத் தின்றுகொண்டே, இரண்டு பேரும் விடிய விடிய இசைத்தட்டு கேட்பார்களாம். ஸாப்பா தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார். கேட்டதெல்லாம் கறுப்பின மக்களின் ப்ளூஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ்.

‘கேப்டன் பீஃப்ஹார்ட்’ என்ற பெயர்கூட ஸாப்பா எடுக்க நினைத்த ஒரு படத்தின் கதையிலிருந்து வந்ததுதான். படம் வரவில்லை. பெயர் நின்றுவிட்டது.

1964-ல் அந்தப் பாலைவன ஊரிலேயே ‘மேஜிக் பேண்ட்’ தொடங்கியது. 1967-ல் முதல் ஆல்பம் ‘சேஃப் அஸ் மில்க்’. அதில் கிட்டார் வாசித்த 20 வயதுப் பையன் ரை கூடர். நம் ஊர் ரசிகர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கலாம். மோகன வீணை கலைஞர் விஸ்வமோகன் பட்டுடன் சேர்ந்து ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பம் செய்து கிராமி விருது வாங்கியவர் இவர்தான்.

வான் வ்லீட்டின் குரல் எப்படி இருக்கும்? ஒரு வரியில் அடிவயிற்றிலிருந்து உறுமும். அடுத்த வரியில் கிரீச்சென்று மேலே போகும். பல ஸ்தாயிகளைத் தாண்டும் குரல் என்று அன்றைக்கே பேசினார்கள். ஒழுங்காக ப்ளூஸ் பாடியிருந்தால் வசதியாக வாழ்ந்திருக்கலாம். அவருக்கு அது போதவில்லை.

பியானோ தெரியாத இசையமைப்பாளர்

1969-ல் வந்தது ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’. தயாரிப்பு, பழைய சிநேகிதர் ஸாப்பா. இரண்டு இசைத்தட்டு, 28 பதிவுகள். அட்டையில் முகத்துக்கு முன்னால் ஒரு மீன் தலையைப் பிடித்தபடி நிற்கிறார் வான் வ்லீட்.

முதல் முறை கேட்பவர்களுக்கு, ஐந்து பேர் ஐந்து அறையில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு வாசிப்பதுபோல இருக்கும். ஒரு கிட்டார் ஒரு தாளத்தில் போகும். இன்னொரு கிட்டார் வேறு தாளத்தில் போகும். டிரம்ஸ் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பிறகு எங்கோ ஓரிடத்தில் எல்லோரும் சரியாகச் சந்திப்பார்கள். ‘தப்பாக வாசிக்கிறார்களோ?’ என்று தோன்றும். இல்லை. ஒவ்வொரு அடியும் மனப்பாடம் செய்தது.

இந்த இசையை அவர் உருவாக்கிய விதம்தான் வேடிக்கை. பெரும்பாலான பாட்டுகளைப் பியானோவில் செய்தார். பியானோ வாசிக்க அவருக்குத் தெரியாது. கை போன போக்கில் தட்டுவார். அதை டிரம்மர் ஜான் ஃப்ரெஞ்ச் கேட்டு, இசைக்குறிப்பாக எழுதி, துண்டு துண்டாக இருப்பதை ஒட்டி, எந்தத் துண்டை யார் வாசிப்பது என்று பிரித்துக் கொடுப்பார். சில நேரம் விசில் அடித்துக் காட்டுவார் வான் வ்லீட். சில நேரம் வாயால் சொல்வார். அதையும் ஃப்ரெஞ்ச்தான் இசையாக மாற்ற வேண்டும்.

ஒரு முறை அவர் ஃப்ரெஞ்சிடம் சொன்னது: “ஸ்ட்ராபெரியை வாசி!”

டிரம்ஸில் ஸ்ட்ராபெரியை எப்படி வாசிப்பது? ஓர் ஓவியர் இன்னோர் ஓவியரிடம் ‘இங்கே கொஞ்சம் ஸ்ட்ராபெரி சிவப்பு போடு’ என்று சொன்னால் புரியும். டிரம்மருக்குப் புரியவில்லை. வான் வ்லீட்டுக்கு வேறு மாதிரி சொல்லவும் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு ஒரு கப் சோயா

லாஸ் ஏஞ்சல்ஸின் உட்லண்ட் ஹில்ஸ் பகுதியில் ஒரு வாடகை வீடு. சுமார் எட்டு மாதங்கள் குழு மொத்தமும் அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தது. எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. ஒரு நாளைக்குப் 12 மணி நேரத்துக்கும் மேல் வாசிப்பு. கையில் காசில்லை. ஒரு மாதம் முழுக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கப் சோயா பீன்ஸ்தான் சாப்பாடு என்று ஃப்ரெஞ்ச் பின்னாளில் சொன்னார். பசி தாங்காமல் கடையில் உணவுப் பொருளைத் திருடி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. ஸாப்பாதான் ஜாமீனில் எடுத்தார்.

பசி ஒரு பக்கம் என்றால், மிரட்டல் இன்னொரு பக்கம். குழுவில் யாராவது ஒருவரைக் குறிவைத்து, மணிக்கணக்கில் எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்ப்பாராம் வான் வ்லீட். அழுது, மன்னிப்புக் கேட்கும்வரை விடமாட்டாராம். அடிதடியும் நடந்திருக்கிறது. கிட்டார் வாசித்த பில் ஹார்க்கிள்ரோடும் ஜான் ஃப்ரெஞ்சும் தங்கள் நூல்களில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பயிற்சியின் பலன் ஸ்டூடியோவில் தெரிந்தது. பாட்டு இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் வாசிக்க வேண்டிய சுமார் 20 பதிவுகளை ஒரே அமர்வில், ஆறு மணி நேரத்துக்குள் வாசித்து முடித்துவிட்டார்கள். பிறகு வான் வ்லீட் வந்து பாடினார். ஹெட்போன் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து லேசாகக் கசிந்த சத்தத்தை வைத்துக்கொண்டே பாடினார். அதனால்தான் பல இடங்களில் குரலும் வாத்தியமும் ஒட்டாமல் நிற்கின்றன.

ஆல்பம் வெளிவந்தது. அட்டையில் ஜான் ஃப்ரெஞ்சின் பெயரே இல்லை. பியானோ தட்டலை இசையாக்கியவர், எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர், டிரம்ஸும் வாசித்தவர். அவர் பெயர் இல்லை. வேலை முடிந்த கொஞ்ச நாளில் வான் வ்லீட் தன்னை மாடிப்படியில் தள்ளிவிட்டு வெளியே அனுப்பியதாக ஃப்ரெஞ்ச் சொல்கிறார். தள்ளிவிட்டதற்குக் காரணம்? அந்த ஸ்ட்ராபெரிதான்.

இன்றைக்கு இந்த ஆல்பம் ராக் இசையின் பெரிய சாதனைகளில் ஒன்றாக வைக்கப்படுகிறது. டாம் வெயிட்ஸ், பி.ஜே.ஹார்வி போன்றவர்கள் இதிலிருந்து கற்றுக்கொண்டவர்கள். ‘சிம்ப்ஸன்ஸ்’ கார்ட்டூனை உருவாக்கிய மேட் க்ரோனிங்குக்குப் பிடித்த ஆல்பம் இது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. எல்லாம் சரி. அந்த வீட்டில் நடந்ததையும் சேர்த்தேதான் இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைக்க முடியாது.

ஓவியரின் கையில் வண்ணம் இருக்கும். பிழியலாம், குழைக்கலாம், பிடிக்காவிட்டால் சுரண்டி எடுத்துவிடலாம். வண்ணத்துக்குப் பசிக்காது. வான் வ்லீட் இசையிலும் அதே மாதிரி வேலை செய்யப் பார்த்தார். அங்கே அவர் கையில் இருந்தது மனிதர்கள்.

காசு பார்க்க நினைத்தபோது

விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆல்பம் இங்கிலாந்தில் ஓரளவு போனது, பி.பி.சி அறிவிப்பாளர் ஜான் பீல் அதை விடாமல் ஒலிபரப்பினார். அமெரிக்காவில் விற்கவில்லை.

1974-ல் ஒரு முடிவுக்கு வந்தார் வான் வ்லீட். எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி சாதாரணப் பாட்டுகளோடு ஓர் ஆல்பம். அட்டையில் கை நிறைய டாலர் நோட்டுகளைப் பிடித்துக்கொண்டு போஸ் கொடுத்தார். அதுவும் விற்கவில்லை. பழைய ரசிகர்களும் கோபித்துக்கொண்டார்கள். சுற்றுப்பயணம் கிளம்பும் நேரத்தில் மேஜிக் பேண்ட் மொத்தமாக அவரை விட்டு விலகியது. வேறு ஆட்களை வைத்து அதே ஆண்டு இன்னோர் ஆல்பம் செய்தார். அதுவும் எடுபடவில்லை. பிற்காலத்தில் இந்த இரண்டு ஆல்பங்களையும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே அவர் விரும்பவில்லை.

1976-ல் மறுபடி எழுந்து ‘பேட் செயின் புல்லர்’ என்று ஓர் ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஸாப்பாவுக்கும் அவருடைய மேலாளருக்கும் நடந்த வழக்கில் அந்தப் பதிவு மாட்டிக்கொண்டது. அது வெளியே வந்தபோது ஆண்டு 2012. பாடியவர் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

ஒரு பாட்டு கேட்பவரைப் போய்ச் சேர எத்தனை பேர் தேவை என்று யோசித்துப் பாருங்கள். வாசிப்பவர்கள், ஸ்டூடியோ, மேலாளர், கம்பெனி, ஒப்பந்தம், வக்கீல், ரேடியோ. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் பாட்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வான் வ்லீட்டுக்கு இதில் எல்லாக் கண்ணியும் ஒரு முறையாவது அறுந்திருக்கிறது. பாதி அவரே அறுத்துக்கொண்டது.

இத்தனைக்கும் நடுவே வரைவதை அவர் விட்டதே இல்லை. 1972-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில், ப்ளூகோட் கேலரியில் அவர் ஓவியங்களை வைத்தார்கள். 1978, 1980, 1982-ல் வந்த கடைசி மூன்று ஆல்பங்களின் அட்டைகளிலும் அவர் ஓவியம் இருக்கிறது. இந்த மூன்றும் நல்ல ஆல்பங்கள் என்று விமர்சகர்கள் பாராட்டினார்கள். டேவிட் லெட்டர்மேனின் டி.வி நிகழ்ச்சிக்கு அழைத்துப் பேசவைத்தார்கள். இசையில் மறுபடி மரியாதை கிடைத்த நேரத்தில்தான் அவர் இசையை விட்டார்.

இரண்டில் ஒன்று

நியூயார்க்கில் அப்போது வேகமாகப் பேர் வாங்கிக்கொண்டிருந்த ஓவியர் ஜூலியன் ஷ்னாபெலுக்கு வான் வ்லீட்டின் ஓவியங்கள் பிடித்துப்போயின. ஜெர்மனியின் கொலோன் நகரில் கேலரி நடத்திய மைக்கேல் வெர்னர் அவரை எடுத்துக்கொண்டார். கேயார்க் பாஸலிட்ஸ், ஏ.ஆர்.பென்க் போன்ற பெரிய ஜெர்மன் ஓவியர்களை முன்னுக்குக் கொண்டுவந்தவர் வெர்னர். 1985-ல் நியூயார்க்கின் மேரி பூன் கேலரியில் வான் வ்லீட்டின் கண்காட்சி நடந்தது.

கலை உலகத்தில் அவருக்குக் கிடைத்த அறிவுரை கறாரானது. ஓவியராக மதிக்கப்பட வேண்டும் என்றால், பாட்டை முழுவதுமாக விட வேண்டும். இல்லாவிட்டால் ‘பொழுதுபோகாமல் படம் வரையும் பாட்டுக்காரர்’ என்றுதான் கடைசிவரை பார்ப்பார்கள்.

இது நியாயமா என்று கேட்கலாம். ஜோனி மிச்செல் பாடிக்கொண்டே வரைந்தவர். தன் ஆல்பம் அட்டைகளைத் தானே வரைந்தார். பாப் டிலன் பாடுகிறார், ஓவியக் கண்காட்சியும் வைக்கிறார். அவர்கள் யாரும் ஒன்றை விட்டுத்தான் இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால், அவர்கள் ஓவியத்தைப் பற்றி யார் எழுதினாலும் முதல் வரியில் பாட்டுதான் வருகிறது. பாட்டுக்காகத்தான் கூட்டம் வருகிறது.

வான் வ்லீட்டுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். கேலரியில் கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற பெயர் கிடையாது; டான் வான் வ்லீட் மட்டும்தான். பழைய பாட்டுகளைப் பாடிச் சுற்றுப்பயணம் போகவில்லை. இருபது ஆண்டுகள் கட்டிய பெயர் அது. அதை வைத்துக் கொஞ்சமாவது சம்பாதித்திருக்கலாம். எடுக்கவில்லை.

கடலோரத்து ஊர்

பாலைவனத்தை விட்டு, மனைவி ஜானுடன் கலிஃபோர்னியாவின் வடகோடிக் கடற்கரைக்குப் போய்விட்டார். ட்ரினிடாட் என்ற மிகச் சிறிய ஊர். பக்கத்திலேயே வானுயர்ந்த செம்மரக் காடுகள். ஒரு பக்கம் பசிபிக் கடல். 1969-ல் திருமணம் ஆனதிலிருந்து கடைசிவரை கூடவே இருந்தவர் ஜான்.

அவர் ஓவியங்கள் எப்படி இருக்கும்? பெரிய கேன்வாஸ். நிறைய இடம் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். அதன் மேல் வேகமாக இழுத்த கறுப்புக் கோடுகள். திட்டுத் திட்டாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை. பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு காகம் தெரியும். ஏதோ ஒரு மிருகத்தின் முதுகு தெரியும். மனிதனா, பறவையா என்று சொல்ல முடியாத ஓர் உருவம் எட்டிப்பார்க்கும். க்ளெண்டேலில் மிருகங்கள் செய்த பையன் எங்கேயும் போய்விடவில்லை.

அவருக்கு வான் கோ என்றால் உயிர். வான் கோவின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, நிஜச் சூரியன் தன்னை ஏமாற்றிவிட்டதாக ஒரு முறை சொன்னார்.

எல்லா விமர்சகர்களும் அவர் ஓவியங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஆனாலும், கண்காட்சிகள் நிற்கவில்லை. 1988-ல் சான் ஃப்ரான்சிஸ்கோவின் நவீன கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. 1994-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு பெரிய கண்காட்சி. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் பாட்டுக்காக அவரைக் கொண்டாடியவர்கள், இப்போது சுவரில் மாட்டிய ஓவியங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

பயிற்சி கொடுக்க வேண்டிய ஆள் கிடையாது. திட்டித் தீர்க்க எதிரே யாரும் கிடையாது. ஸ்ட்ராபெரி வேண்டுமென்றால் சிவப்பைத் தொட்டுத் தானே வைத்துவிடலாம். சரியாக வராவிட்டால் தவறு அவருடையது. இசையில் இருபது ஆண்டுகள் மற்றவர்கள் கையால் அவர் செய்யப் பார்த்த வேலை, இங்கே அவர் கையாலேயே நடந்தது.

ஒத்துழைக்காத உடம்பு

அந்தக் கைக்கும் சோதனை வந்தது. மல்டிபிள் ஸ்களீரோசிஸ் என்ற நோய் அவரைத் தாக்கியது. நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறையை உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே அரித்துவிடும் நோய் இது. மூளை சொல்வது கைகாலுக்குச் சரியாகப் போய்ச் சேராது. நடை தளரும், பேச்சு குழறும், சோர்வு அழுத்தும். முழுவதுமாகக் குணப்படுத்த மருந்து இல்லை.

1990-களின் தொடக்கத்திலேயே அவர் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார். வெளியில் தலைகாட்டுவது நின்றுபோனது. 1993-ல் புகைப்படக் கலைஞர் ஆன்டன் கோர்பைன் அவரைப் பற்றி ‘சம் யோ யோ ஸ்டஃப்’ என்று ஒரு குறும்படம் எடுத்தார். சுமார் 13 நிமிடம், கறுப்பு வெள்ளை. ஒரு காலத்தில் அரங்கத்தை அதிரவைத்த குரல், அதில் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசுகிறது. ரசிகர்களுக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால், குறும்பு மட்டும் குறையவில்லை.

இசையை விட்டதற்குக் காரணம் இந்த நோய்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அவர் முதலில் கேட்டதும் கேட்டு விட்டதும் ஓவியம்தான் என்பதைப் பார்த்தால், நோயை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தவில்லை.

வண்ணங்கள் திரும்பி வந்தபோது

2003-ல் மேஜிக் பேண்டின் பழைய உறுப்பினர்கள் சிலர் ஒன்றுகூடி மறுபடி மேடை ஏறினார்கள். வான் வ்லீட் அதில் இல்லை. அவருடைய இடத்தில் நின்று பாடியவர் யார் தெரியுமா? மாடிப்படியில் தள்ளிவிடப்பட்ட அதே ஜான் ஃப்ரெஞ்ச்.

ஆல்பம் அட்டையில் பெயர் போடாத மனிதர், 34 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாட்டுகளைத் தன் குரலில் பாடினார். காரணம் எளிது. அந்தப் பாட்டுகளை உருவாக்கியதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. வான் வ்லீட் அவற்றை விட்டுவிட்டுப் போகலாம். ஃப்ரெஞ்சால் முடியவில்லை. அந்த எட்டு மாதங்களைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் நடந்தவற்றைப் பற்றியும் அவர் எழுதிய பெரிய புத்தகம் 2010-ல் வந்தது. அதில் வலியும் இருக்கிறது, வியப்பும் இருக்கிறது.

அதே 2010-ம் ஆண்டு டிசம்பர் 17-ம் தேதி, கலிஃபோர்னியாவின் ஆர்காட்டா நகர மருத்துவமனையில் டான் வான் வ்லீட் இறந்தார். வயது 69. செய்தியை உலகத்துக்குச் சொன்னது எந்த இசைக் கம்பெனியும் அல்ல. அவர் ஓவியங்களை வைத்திருந்த மைக்கேல் வெர்னர் கேலரிதான் சொன்னது.

மறுநாள் பத்திரிகைகள் போட்ட தலைப்பு என்னவோ ‘கேப்டன் பீஃப்ஹார்ட் காலமானார்’ என்றுதான். 28 ஆண்டுகளுக்கு முன் அவர் விட்டுவிட்டு வந்த பெயர்!

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

இவரைக் கேட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் நேராக ‘ட்ரவுட் மாஸ்க் ரெப்ளிகா’வுக்குப் போக வேண்டாம். பத்து நிமிடத்தில் போனைத் தூர வைத்துவிடுவீர்கள். முதலில் ‘சேஃப் அஸ் மில்க்’ கேளுங்கள். அதில் ப்ளூஸ் இருக்கிறது, ராகம் இருக்கிறது, காதல் பாட்டும் இருக்கிறது. பிறகு 1980-ல் வந்த ‘டாக் அட் தி ரேடார் ஸ்டேஷன்’. அது பழகிவிட்டால், மீன் தலை அட்டைக்குப் போகலாம். கேட்கும்போது பின்னால் ஓடும் டிரம்ஸையும் கொஞ்சம் கவனியுங்கள். வாசிப்பவர் பெயர் அட்டையில் இல்லாவிட்டாலும், இப்போது உங்களுக்குத் தெரியும்.

அவருடைய ஓவியங்களைத் தேடும்போது மட்டும், டான் வான் வ்லீட் என்ற பெயரில் தேடுங்கள்.